ஹோசே அபாத் சாந்தோஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த மனிதரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. சொன்னதும் கேள்விகள் வரும். கேட்பவர்கள் வேறு, கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை கடைசியில்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் ஐந்தாவது தலைமை நீதிபதி. 1886 பிப்ரவரி 19 அன்று பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அவருடைய நாட்டைப் பிடித்தபோது, தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும் போகாமல் தங்கினார். பிடிபட்டார். ஜப்பானியருக்கு ஒத்துழைக்க மறுத்ததால் 1942 மே மாதத் தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 56 வயது.

இந்த நான்கைந்து வரிகள்தான் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அவர் கடைசி மூன்று வாரங்களில் திடீரென்று வீரராக மாறிய ஆள் அல்ல. அதற்கு முன் முப்பது ஆண்டுகள் அரசு வேலையில் எப்படி இருந்தாரோ அப்படித்தான் கடைசியிலும் இருந்தார். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதும் அதைத்தான்.

பிலிப்பைன்ஸ் போர்க்காலத் தலைவர் என்றால் மகசேசேதானே? விருதுகூட இருக்கிறதே?

ரமோன் மகசேசே வேறு ஆள். போரின்போது சம்பாலெஸ் பகுதியில் கெரில்லாப் படையில் இருந்தவர், 1953 முதல் அதிபராக இருந்து 1957 மார்ச்சில் செபுவில் விமான விபத்தில் இறந்தவர். எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி.என். சேஷனும் பெற்ற விருது அவர் பெயரில் இருப்பதால் நம்மிடையே அவர் பெயர் பழகிவிட்டது. அபாத் சாந்தோஸ் அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். துப்பாக்கி தூக்கியவர் அல்ல. போரில் அவருக்குக் கிடைத்தது நிர்வாகப் பொறுப்பு.

எங்கே படித்தார்? அமெரிக்காவிலா?

ஆமாம். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கா, அங்குள்ள நல்ல மாணவர்களை அரசுச் செலவில் தன் நாட்டுக்கு அழைத்துப் படிக்கவைத்தது. 1904-ல் அப்படிப் போனவர்களில் ஒருவர் இவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1908-ல் சட்டப் பட்டம், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1909-ல் முதுகலை. ஊர் திரும்பி 1911-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

போருக்கு முன்னால் என்ன சாதித்தார்? அமெரிக்கர்கள் சொன்னதைச் செய்த அதிகாரிதானே?

இல்லை. இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நீதித் துறை அலுவலகத்தில் சாதாரண வழக்கறிஞராகத் தொடங்கி, பிலிப்பைன் தேசிய வங்கியின் சட்டப் பணிக்குப் போய், 1921-ல் நீதித் துறைச் செயலாளர் ஆனார். நம் கணக்கில் சட்ட அமைச்சர். அப்போது அமெரிக்க கவர்னர் ஜெனரலாக இருந்தவர் லியோனார்ட் வுட். மணிலா போலீசில் ரே கான்லி என்று ஒரு அமெரிக்கத் துப்பறிவாளர் இருந்தார். லஞ்சம் வாங்கினார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. பிலிப்பினோ அமைச்சர்களும் மணிலா மேயரும் அவரை விலக்கிவைக்க வேண்டும் என்றார்கள், வுட் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தினார். அமைச்சர்களின் அதிகாரத்துக்கு மதிப்பில்லை என்றால் பதவி எதற்கு என்று 1923 ஜூலையில் பிலிப்பினோ அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். அபாத் சாந்தோஸ் அவர்களில் ஒருவர்.

அப்புறம் ஐந்து வருடம் கழித்து, 1928-ல், அதே பதவிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1932-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1938-ல் மூன்றாவது முறையாக நீதித் துறை. 1941 டிசம்பரில் தலைமை நீதிபதி. அமெரிக்கர் தந்த படிப்பை வைத்துக்கொண்டு அமெரிக்க ஆட்சியாளரையே எதிர்த்துப் பதவியை விட்டவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

இன்னொன்றும் உண்டு. 1919-ல் மணிலாவில் சில பெண்கள் சேர்ந்து பெண்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியபோது அதன் அமைப்பு விதிகளை எழுதிக்கொடுத்தவர் இவர்தான். அது வளர்ந்து பிலிப்பைன் மகளிர் பல்கலைக்கழகம் ஆனது. அந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் பள்ளிக்கு இன்று அவர் பெயர்.

ஜப்பான் ஏன் பிலிப்பைன்ஸுக்கு வந்தது?

ஜப்பானுக்குத் தேவைப்பட்டது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெயும் மலாயாவின் ரப்பரும் தகரமும். அங்கே போகும் கடல்வழியின் பக்கத்தில் அமெரிக்கப் படைத்தளங்களோடு பிலிப்பைன்ஸ் இருந்தது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே, உள்ளூர்க் கணக்கில் 1941 டிசம்பர் 8 அன்று, அங்கும் குண்டுகள் விழுந்தன. 1942 ஜனவரி 2-ல் மணிலா ஜப்பானியர் வசம் போனது.

அன்றைய பிலிப்பைன்ஸின் நிலையும் தெரிய வேண்டும். 1935 முதல் அது காமன்வெல்த். சொந்த அதிபர், சொந்த அரசியல் சட்டம், ஆனால் இறையாண்மை அமெரிக்காவிடம். பத்து வருட இடைக்காலம் முடிந்ததும், 1946-ல், முழு விடுதலை தருவதாக அமெரிக்க நாடாளுமன்றம் 1934-லேயே சட்டம் போட்டிருந்தது.

ஒரு நீதிபதிக்குப் போரில் என்ன வேலை?

அவர் தலைமை நீதிபதி ஆனது 1941 டிசம்பர் 24. அதே நாளில் அதிபர் மனுவேல் கெசோன் மணிலாவை விட்டு, மணிலா விரிகுடாவின் வாயிலில் உள்ள கொரெஹிடோர் என்ற கோட்டைத் தீவுக்குப் புறப்பட்டார். கூடவே அழைத்துச் சென்ற சிலரில் அபாத் சாந்தோஸும் ஒருவர். டிசம்பர் 30 அன்று அங்கே மலிந்தா சுரங்கத்தின் வாசலில் கெசோன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். பிரமாணம் செய்துவைத்தவர் இவர்.

நாடு சிதறிக்கிடந்ததால் அமைச்சர்கள் எல்லோரும் கூட இல்லை. அதனால் நிதி, விவசாயம், வணிகம் ஆகிய துறைகளின் பொறுப்பும் இவரிடம் வந்தது. அந்த நாட்களில் நிதிப் பொறுப்பு சாதாரண விஷயமல்ல. மணிலாவிலிருந்து கொண்டுவந்த அரசின் செல்வம் எதிரியிடம் போய்விடக் கூடாது. தங்கத்தையும் கொஞ்சம் வெள்ளியையும் பிப்ரவரியில் ட்ரவுட் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஏற்றிச் சென்றது. காகிதப் பணம் எரிக்கப்பட்டது. மிச்சமிருந்த வெள்ளி பெசோ நாணயங்கள் பின்னால் கடலில் இறக்கப்பட்டன.

1942 பிப்ரவரி 20 அன்று ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் கெசோன் குழுவினர் கொரெஹிடோரை விட்டு வெளியேறி பனாய் தீவுக்குப் போனார்கள். அங்கிருந்து நெக்ரோஸ். சிங்கப்பூர் விழுந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. எந்தத் தீவில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது.

கெசோன் அமெரிக்கா போனாரே, இவர் ஏன் கூடப் போகவில்லை?

கெசோன் கூப்பிட்டார். காசநோய் முற்றிய நிலையில் அவர் ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா போய் நாடு கடந்த அரசு நடத்த வேண்டியிருந்தது. வருகிறீர்களா, இருக்கிறீர்களா என்று தேர்வை இவரிடமே விட்டார். இங்கேயே இருந்து என் வேலையைப் பார்க்கிறேன், என் குடும்பத்தோடு இருக்கிறேன் என்பதுதான் பதில்.

இந்தப் பதிலைச் சிலர் சாவைத் தேடிப் போனதாகப் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டின் நடுவில் உள்ள விசாயாஸ் தீவுகளும் தெற்கே உள்ள மிந்தனாவோவும் அப்போது பெரும்பாலும் பிடிபடாமல் இருந்தன. அங்கே மாகாண ஆளுநர்கள் இருந்தார்கள், ஊழியர்களுக்குச் சம்பளம் போக வேண்டியிருந்தது, மக்களுக்கு அரிசி வேண்டியிருந்தது. அரசாங்கம் என்று ஒருவர் முகம் காட்ட வேண்டும். யாராவது இருந்தாக வேண்டிய வேலைக்கு அவர் இருந்தார்.

அப்படியானால் அவர் பொறுப்பு அதிபரா? அதிபர்கள் பட்டியலில் பெயர் இல்லையே?

1942 மார்ச் 17 தேதியிட்ட கடிதத்தில் கெசோன் அவரைத் தம் பிரதிநிதியாக நியமித்தார். தன் ஆட்சியின் அடிப்படைக் கொள்கைகளை மாற்றாத எல்லா அரசு விஷயங்களிலும் முடிவெடுக்கும் அதிகாரம் அதில் தரப்பட்டது. அதிபர் ஊரில் இல்லாதபோது அதிபரின் வேலையைச் செய்ததால் பேச்சுவழக்கிலும் பல நூல்களிலும் அவரைப் பொறுப்பு அதிபர் என்பார்கள்.

ஆனால் கெசோன் பதவி விலகவில்லை. துணை அதிபர் செர்ஜியோ ஓஸ்மென்யாவும் உயிரோடு பதவியில் இருந்தார். 1944-ல் கெசோன் இறந்ததும் அதிபரானவர் ஓஸ்மென்யாதான். அதனால் அதிகாரபூர்வப் பட்டியலில் அபாத் சாந்தோஸ் வரமாட்டார். அது சரிதான், அவரைப் பெரிதாக்க அந்தப் பட்டம் தேவையில்லை.

எப்படிப் பிடிபட்டார்?

அமெரிக்க, பிலிப்பினோப் படைகள் தாக்குப்பிடித்துவந்த பதான் தீபகற்பம் ஏப்ரல் 9-ல் வீழ்ந்தது. ஏப்ரல் 10-ல் ஜப்பானியர் செபு தீவில் இறங்கினார்கள். ஏப்ரல் 11 அன்று செபுவின் கார்கார் அருகே காரில் போய்க்கொண்டிருந்த அபாத் சாந்தோஸ் அவர்கள் கையில் சிக்கினார். கூடவே அவருடைய மகன் ஹோசே ஜூனியர். வீட்டில் பெப்பித்தோ என்று கூப்பிடுவார்கள். தான் யார் என்பதை அபாத் சாந்தோஸ் மறைக்கவில்லை.

ஜப்பானியர் அவரிடம் என்னதான் கேட்டார்கள்?

ஒத்துழைப்பு. பிடிபடாமல் மிந்தனாவோவில் இருந்த அரசியல் தலைவர் மனுவேல் ரோஹாஸைத் தொடர்புகொண்டு சரணடையச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்கள். தலைமை நீதிபதி, அதுவும் அதிபரின் பிரதிநிதி, தங்கள் பக்கம் நின்றால் மற்றவர்களைத் திருப்புவது எளிது என்பது கணக்கு.

முடியாது என்றார். காரணமாக அவர் சொன்னது தான் எடுத்த பிரமாணத்தை. காமன்வெல்த் அதிகாரிகள் எல்லோரும் அமெரிக்க இறையாண்மையை ஏற்றுத்தான் பிரமாணம் எடுத்திருந்தார்கள். அதை மீற மாட்டேன் என்றார். செபுவில் சில வாரங்கள் காவலில் வைத்தார்கள். பிறகு ஏப்ரல் கடைசியில் மிந்தனாவோவைத் தாக்கப் போன படையோடு அப்பாவையும் மகனையும் கப்பலேற்றி பாராங்குக்கும் அங்கிருந்து லனாவோவின் மலாபாங்குக்கும் கொண்டுபோனார்கள்.

மகனிடம் சொன்னதாக ஒரு வசனம் சுற்றுகிறதே, அது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம் என்றே எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர் அந்த மகன். மலாபாங்கில் அப்பாவை அழைத்துக்கொண்டு போவதற்கு முன் சில நிமிடங்கள் பேசவிட்டார்கள். தன்னைச் சுடப்போகிறார்கள் என்று அப்பா சொன்னதும் மகன் உடைந்துபோனார். "அழாதே பெப்பித்தோ. நீ தைரியசாலி என்று இவர்களுக்குக் காட்டு. நாட்டுக்காக உயிர் விடுவது அபூர்வமான வாய்ப்பு. எல்லோருக்கும் அது கிடைக்காது." பிறகு இருவரும் சேர்ந்து ஜெபித்தார்கள். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

பிலிப்பைன்ஸில் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த வரி இது. இதை ஒரு தேச வீரரின் முழக்கமாகப் படிப்பதைவிட, ஒரு தகப்பன் மகனைத் தாங்கிப்பிடிக்கச் சொன்னதாகப் படித்தால் எனக்கு இன்னும் நெருக்கமாகிறது. மகனும் அவர்கள் கையில்தான் இருக்கிறான். தனக்குப் பிறகு அவன் தனியாக அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு அவனைத் தயார்செய்யக் கிடைத்தது அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே.

இறந்த தேதி ஒரு இடத்தில் மே 2, இன்னொரு இடத்தில் மே 7 என்று இருக்கிறது. எது சரி?

பழைய நூல்களில் மே 7 என்று இருக்கும். இப்போது பல நூல்கள் சொல்வது 1942 மே 2. உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. போர் நடுவில், ஒரு சிற்றூரில், விசாரணையோ பதிவோ இல்லாமல் நடந்த கொலைக்குத் தேதி குழம்புவது ஆச்சரியமில்லை. மே 6-ல் கொரெஹிடோரும் சரணடைந்தது.

அவரைக் கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

செபுவையும் பிறகு மிந்தனாவோவின் அந்தப் பகுதியையும் தாக்கிய படையின் தளபதி கவாகுச்சி கியோதாகே. போருக்குப் பின் பிலிப்பைன்ஸில் நடந்த போர்க்குற்றங்களுக்காக விசாரிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார், 1953-ல் வெளியே வந்தார். தான் அபாத் சாந்தோஸைக் காப்பாற்ற முயன்றதாகவும், கொல்லும்படி மணிலாவிலிருந்து வற்புறுத்தி உத்தரவு வந்ததாகவும் கடைசிவரை சொன்னார். இப்படிப்பட்ட உத்தரவுகளின் பின்னால் சுஜி மசனோபு என்ற ராணுவ அதிகாரி இருந்ததாகப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். போரிடாத, விசாரிக்கப்படாத ஒரு குடிமகனைச் சுட்டுக் கொல்வது அன்றைய போர்ச் சட்டப்படியும் குற்றம்தான்.

உத்தரவு வந்தால் வேறு வழியில்லை என்ற வாதத்துக்கு எதிராக ஒரு ஜப்பானியரே நிற்கிறார். ரோஹாஸ் சில நாட்களில் மிந்தனாவோவில் பிடிபட்டார். அவரையும் கொல்ல உத்தரவு வந்தது. ஜிம்போ நொபுஹிக்கோ என்ற கர்னல் அதை நிறைவேற்றவில்லை, மேலிடத்தில் மன்றாடி உத்தரவை ரத்து செய்யவைத்தார். அந்த ரோஹாஸ்தான் 1946-ல் விடுதலை பெற்ற பிலிப்பைன்ஸின் முதல் அதிபர். ஜிம்போ சீனாவில் கைதியாக இருப்பதை அறிந்து, அவரை விட்டுவிடும்படி சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு ரோஹாஸ் கடிதம் எழுதினார்.

1953-ல் இன்னொரு அதிபர், எல்பிதியோ கிரினோ, பிலிப்பைன்ஸ் சிறையில் மிச்சமிருந்த ஜப்பானியப் போர்க்கைதிகளுக்கு மன்னிப்பளித்தார். அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் 1945-ல் மணிலாப் போரில் ஜப்பானியரால் கொல்லப்பட்டவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் என்னால் அடுத்த வரிக்கு உடனே போக முடிவதில்லை.

இவருடைய அண்ணன் கம்யூனிஸ்டாமே?

அண்ணன் பெத்ரோ அபாத் சாந்தோஸ் பிலிப்பைன்ஸ் சோஷலிஸ்ட் கட்சியை நிறுவியவர். 1938-ல் அது கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்தது. பம்பாங்காவின் குத்தகை விவசாயிகளுக்காகவே வாழ்ந்த வழக்கறிஞர் அவர். பின்னால் ஜப்பானியரை எதிர்த்த ஹுக் என்ற விவசாயிகளின் கெரில்லாப் படையை நடத்திய லூயிஸ் தாருக் அவரிடம் வளர்ந்தவர். அதாவது, ஒரே வீட்டில் ஒருவர் அரசின் சட்ட அமைச்சர், மற்றவர் அந்த அரசோடு மோதுகிறவர்.

1942 ஜனவரியில் ஜப்பானியர் பெத்ரோவையும் மணிலாவில் கைது செய்தார்கள். உடல்நிலை மோசமான பிறகு விடுவிக்கப்பட்டு 1945 ஜனவரியில் இறந்தார். அரசியலில் எதிரெதிர் பாதையில் நடந்த சகோதரர்கள் இருவரையும் ஒரே ஆண்டில் ஜப்பானியர் பிடித்ததைத் தம்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை.

1000 பெசோ நோட்டில் மூன்று பேர் இருக்கிறார்களே, இவர் எவர்? இப்போது எடுத்துவிட்டார்களாமே?

1991-ல் 1000 பெசோ நோட்டு வந்தபோது அதில் மூவரின் படம் இடம்பெற்றது. அபாத் சாந்தோஸ் ஒருவர். மற்றவர் விசென்தே லிம், அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் பிலிப்பினோ, பதானில் ஒரு டிவிஷனை நடத்திய ஜெனரல். மூன்றாமவர் ஹோசஃபா யானெஸ் எஸ்கோடா, அந்நாட்டுப் பெண் சாரணர் இயக்கத்தை நிறுவியவர், பதான் கைதிகளுக்கு உணவும் மருந்தும் சேர்த்தவர். மூவரையும் ஜப்பானியர் கொன்றார்கள். மூவரின் உடலும் கிடைக்கவில்லை.

2022-ல் வந்த பாலிமர் நோட்டில் இவர்களுக்குப் பதிலாகப் பிலிப்பைன் கழுகு இருக்கிறது. அதற்கு எதிர்ப்பு பலமாகவே எழுந்தது. மூவர் படம் உள்ள காகித நோட்டுகளும் செல்லும். எனக்குக் கழுகோடு சண்டையில்லை, அது அழியும் நிலையில் உள்ள அரிய பறவை. ஆனால் கல்லறை இல்லாத மூன்று பேருக்கு அந்த நோட்டு ஒரு நினைவிடமாக இருந்தது. அதை அகற்றும்போது அதே அளவு மக்கள் கண்ணில் படும் வேறோர் இடத்தை முதலில் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வேறு எங்கே அவர் பெயர் இருக்கிறது?

மணிலாவில் அபாத் சாந்தோஸ் நிழற்சாலை, அதன் அருகே அதே பெயரில் ஒரு இலகு ரயில் நிலையம். பம்பாங்கா வழியாகப் போகும் நெடுஞ்சாலை. தெற்கே மிந்தனாவோவில் ஹோசே அபாத் சாந்தோஸ் என்றே ஒரு நகராட்சி. அப்புறம் மேலே சொன்ன பள்ளி.

பிரமாணம் அமெரிக்காவுக்குத்தானே? அப்படியென்றால் அமெரிக்காவுக்காகத்தானே செத்தார்? ஆசியாவை வெள்ளையரிடமிருந்து மீட்க வந்த ஜப்பானை ஏன் எதிர்க்க வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமான இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்கா அந்த நாட்டைப் பிடித்த விதம் கொடியது, பிலிப்பினோக்கள் அதை எதிர்த்து 1899 முதல் போரிட்டார்கள், அண்ணன் பெத்ரோவே அதில் போரிட்டவர். 1923 விஷயத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தம்பியும் அமெரிக்க ஆட்சியாளருக்குத் தலையாட்டியவர் அல்ல. சுதந்திரம் கேட்டு 1919-ல் வாஷிங்டன் போன முதல் தூதுக்குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

அவர் கண்ணில் 1942-ல் இருந்த நிலை இதுதான். விடுதலைக்குச் சட்டப்படி தேதி குறித்தாயிற்று, இன்னும் நான்கு வருடம். அதற்கான அரசியல் சட்டத்தை நாட்டு மக்களே வாக்களித்து ஏற்றிருக்கிறார்கள். தலைமை நீதிபதி அந்தச் சட்டத்தின் காவலர். படையோடு வந்த ஒருவர் சொன்னதும் அதைத் தூக்கிப்போட்டால் பிறகு பிலிப்பினோ நீதிமன்றம் எதைக் காப்பாற்றும்? பிரமாணத்தின் வாசகத்தில் அமெரிக்கா இருந்தது உண்மை. ஆனால் அவர் காத்தது தன் நாட்டின் அரசை. மகனிடம் பேசும்போது அவர் சொன்னது நாடு என்றுதான்.

ஆசியாவை மீட்க வந்தது பற்றி: பதானில் சரணடைந்த கைதிகளை நடத்தியே ஆயிரக்கணக்கில் சாகவிட்ட மரண அணிவகுப்பும் 1945-ல் மணிலாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்ததும் அந்த மீட்பின் கணக்கில்தான் வருகின்றன.

அப்படியானால் ஜப்பானியரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் துரோகிகளா? லவுரெல்?

இல்லை, அவ்வளவு எளிதாக முத்திரை குத்த என்னால் முடியாது. ஹோசே லவுரெல் 1923-ல் இவரோடு சேர்ந்து ராஜினாமா செய்த உள்துறைச் செயலாளர். 1936-க்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் இவருடைய சக நீதிபதி. கெசோன் போகும்போது லவுரெலை மணிலாவில் இருக்கச் சொன்னார். மக்களைக் காக்க வேண்டியதைச் செய்யுங்கள், ஜப்பானுக்கு விசுவாசப் பிரமாணம் மட்டும் எடுக்காதீர்கள் என்பது அங்கே விடப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. லவுரெல் 1943-ல் ஜப்பான் அமைத்த குடியரசின் அதிபர் ஆனார். அதே சமயம் பிலிப்பினோ இளைஞர்களை ஜப்பானுக்காகப் போருக்கு அனுப்ப மறுத்தார். அவரைச் சுட்டவர்களும் பிலிப்பினோ கெரில்லாக்கள்தான், 1943 ஜூனில், கோல்ஃப் மைதானத்தில். பிழைத்துக்கொண்டார்.

போருக்குப் பின் ஒத்துழைத்தவர்களை விசாரிக்கத் தனி நீதிமன்றம் வந்தது. 1948 ஜனவரியில் ரோஹாஸ் அரசியல், பொருளாதார ஒத்துழைப்புக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். லவுரெல் 1949 அதிபர் தேர்தலில் நின்று கிரினோவிடம் தோற்றார். அபாத் சாந்தோஸை மற்றவர்களை அடிக்கும் கோலாகப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது. மணிலாவில் பட்டினியும் கெம்பெய்தாய் ராணுவப் போலீசும் சூழ லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் படைக்கும் நடுவில் யாரோ நிற்க வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு முடிவும் ஒன்றுதான் என்றும் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட எல்லைக்குள் இடம் தேட அபாத் சாந்தோஸும் முயன்றிருக்கலாம். அவர் அந்த எல்லையை இன்னும் முன்னாலேயே போட்டுக்கொண்டார், விலையைத் தானே கொடுத்தார்.

மறுத்ததால் என்ன மாறியது? நீதிமன்றம் எப்படியும் நடந்ததே? உயிரோடு இருந்திருந்தால் இன்னும் பயன்பட்டிருப்பாரே?

நீதிமன்றம் நடந்தது உண்மை. ஜப்பானியர் ஹோசே யூலோவைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். சொத்து வழக்கு, குடும்ப வழக்கு, திருட்டு வழக்கு எல்லாம் தீர்க்கப்பட்டன. அந்தத் தீர்ப்புகள் செல்லுமா என்ற கேள்வி 1945-ல் ஜப்பானியரிடமிருந்து விடுபட்ட உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அரசியல் தன்மை இல்லாத தீர்ப்புகள் செல்லும் என்று கோ கிம் சான் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. போர்க்காலத்தில் சாதாரண மக்களின் வழக்குகளைத் தீர்த்த நீதிபதிகள் வீணாக வேலை செய்யவில்லை என்பதே இதன் பொருள். உயிரோடு இருந்திருந்தால் அபாத் சாந்தோஸ் 1946-க்குப் பிறகு மிகவும் தேவைப்பட்டிருப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இழப்பை யாரும் லேசாகச் சொல்லக் கூடாது.

ஆனால் இன்னொரு வழக்கும் வந்தது. தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட அனஸ்தாசியோ லவுரெல் என்ற வேறொருவர், நாட்டை எதிரி பிடித்துவைத்திருந்தபோது குடிமகனின் விசுவாசக் கடமை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, ஆகவே தன்மேல் துரோக வழக்கே போட முடியாது என்று வாதாடினார். 1947 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. எதிரி ஊரைப் பிடிக்கலாம், அதனால் இறையாண்மை அவனுக்கு மாறுவதில்லை, குடிமகனின் விசுவாசமும் முறிவதில்லை என்பது தீர்ப்பு. ஐந்து வருடங்களுக்கு முன் செபுவில் காவலில் இருந்தபடி, சட்டப் புத்தகமும் சக நீதிபதிகளும் இல்லாமல், அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சொன்ன பதிலும் இதுவே.